அறிவோடு இரக்கமும்

(யூபிலி விழா மாணவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நாங்கள் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, பள்ளியில் அறிவியல் கற்பிப்பதற்காக எங்களில் இருவரை விலங்கியல் படிக்க அனுப்பினார்கள். முப்பது வயதைக் கடந்த நாங்கள், மீசை அரும்பும் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தோம்.

ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில், மயக்கமருந்து கொடுத்த தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, கால்களைக் குண்டூசியால் குத்தி வைத்தார்கள். அறுத்துத் திறந்தபோது இருதயம் துடித்துக்கொண்டிருந்தது. "படத்தைப் பார்த்துக் கற்கலாகாதா?" என்று கேட்டோம். "சாமியாருக்குத் தவளைமேல் இரக்கமா!" என்று வகுப்பே சிரித்தது. மதிப்பெண்ணுக்கு அஞ்சி நாங்களும் கத்தியை எடுத்தோம். அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

பிறகுதான் ஓர் உண்மையை அறிந்தோம். சென்னைக் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் பலனாக, 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. நூல், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவற்றால் கற்பிக்க முடியுமானால் கல்லூரிகளில் உயிர்ச்சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. நாங்கள் கேட்டது சட்டத்திலேயே இருந்தது! அறியாததால் வாயடைத்து நின்றோம். பிற்பாடு, 2014-இல், பல்கலைக்கழக மானியக் குழுவே விலங்கியல் வகுப்புகளில் பிராணிகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. சென்னைப் புளூ கிராஸ் அமைப்பு, கணினித் திரையிலேயே தவளையின் உள்ளுறுப்புகளைக் கற்கும் வழியையும் உண்டாக்கியது.

ஆகவே, ஆராய்ச்சியே பாவம் என்று சொல்ல வரவில்லை. மனித உயிரைக் காக்க உதவும் சோதனையை நியாயமான வரம்புக்குள் திருச்சபை ஏற்கிறது. தேவையின்றி விலங்கை வதைப்பது மனித மாண்புக்கே முரணானது என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. தேவை எது, வழக்கம் எது என்று பிரித்தறியத்தான் படிப்பு வேண்டும்.

இதைப் பேசும்போது நமக்குப் பெருமை வேண்டாம். நம் தறிகளில் ஓடும் பட்டும், கூட்டுக்குள் புழு வெந்த பிறகு கிடைத்த நூலே. நம் சோற்றுக்காக ஓர் உயிர் போகிறது என்ற நினைவு நம்மைத் தாழ்மையுள்ளவர்களாக்கட்டும்.

பிள்ளைகளே, இரக்கம் இருப்பதால் அறிவியலைவிட்டு ஓடாதீர்கள்; நன்றாகப் படித்துத் துணிந்து கேள்வி கேளுங்கள். பெற்றோரே, வயதாயிற்றே என்று நீங்களும் படிக்கத் தயங்காதீர்கள். யூபிலியைப் பற்றிப் பேசும் லேவியர் 25-ஆம் அதிகாரம், நிலம் ஓய்ந்திருக்கும் ஆண்டின் விளைச்சலில் கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் பங்கு தருகிறது. நமது யூபிலியிலும் அவற்றுக்கு இடம் இருக்கட்டும்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!