நீர்நிலைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்

 

 

இன்று பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னர், நம் பள்ளியின் உளூச் செய்யுமிடத்தில் நின்றிருந்தேன். ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் தம் மகனின் நிக்காஹ் ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே கைகளைக் கழுவினார். பேச்சு முடிந்த பின்னரே முகத்துக்கு வந்தார். அதுவரை நீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் பலமுறை அப்படிச் செய்தவன்தான். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் வரக்கூடிய அளவு அது. இன்றைய கணக்கில் ஒரு லிட்டரைத் தாண்டாது. அண்ணலார் உளூவுக்கு எடுத்த நீரைப் போலப் பன்மடங்கை நாம் பேச்சிலேயே ஓடவிட்டு விடுகிறோம்.

அந்தக் குழாயின் நீர் எங்கிருந்து வருகிறது? ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. அந்தக் கிணறு ஊறுவது எதனால்? நம் ஊரின் ஏரியால். உறங்கச் செல்லுமுன் ‘அல்முல்க்’ அத்தியாயத்தை ஓதும் வழக்கமுடையவர்கள் நம்மில் பலர். அதன் கடைசி வசனம் (67:30) ஒரு கேள்வியோடு முடிகிறது. உங்கள் நீர் பூமிக்குள் வற்றிப் போய்விடுமாயின், ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டு வருபவர் யார் என்பதே அதன் கருத்து. நாள்தோறும் ஓதுகிறோம், நம் ஊரை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வியாக அதை எண்ணிப் பார்த்தோமா?

சகோதரர்களே! உத்திரமேரூர் என்றவுடன் வெளியூரார் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டையும், குடவோலைத் தேர்தலையும் பற்றிப் பேசுவார்கள். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் ஏரி வாரியம். 6 பேர், 360 நாள்கள், ஏரியைக் காப்பதே வேலை. அச்சபை நிலமும் வீடும் வேத அறிவும் உடையவர்களுக்கு மட்டுமே இடம் தந்தது. எளியவருக்கு அதில் இடமில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வகுத்த ஒரு விதி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் இடக்கூடாது!

கணக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் முஃமினின் உள்ளம் நடுங்க வேண்டும். ஏரிக்குக் கணக்குக் காட்டாதவனை இவ்வூர் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே தள்ளி வைத்தது. பல்லவர் காலத்தில் ‘வயிரமேகத் தடாகம்’ எனப் பெயர் பெற்றிருந்த அந்த ஏரியில், ஆண்டுதோறும் தூர் வாருவதற்காக அறக்கொடை அளித்தோரும் உண்டு. அந்த அமானிதம் கைமாறிக் கைமாறி இன்று நம்மிடம் வந்திருக்கிறது. நம் வீட்டு நெகிழிப் பைகள் அதன் கால்வாயில் மிதக்கின்றன.

இனி, கசப்பான ஒரு செய்திக்கு வருகிறேன். கோபம் கொள்ளாமல் கேளுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று நாம் குர்பானி கொடுக்கிறோம். இறைச்சியை மூன்று பங்காக்கி ஏழைகளுக்கும் உறவினர்க்கும் பகிர்கிறோம். தோலை மதரஸாவுக்குக் கொடுத்து விடுகிறோம். பள்ளியின் முற்றத்தில் தோல்கள் குவிகின்றன. அழுகாமலிருக்க உப்பைத் தடவுகிறோம். மறுநாள் தோல் மண்டியின் வண்டி வந்து ஏற்றிச் செல்கிறது. நம் கடமை அத்துடன் முடிந்தது என எண்ணுகிறோம். அந்தத் தோல் எங்கே போகிறது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை. அங்கே முதல் வேலையாகத் தோலை நீரில் ஊறவைத்து நாம் தடவிய உப்பைக் கழுவுகிறார்கள். பிறகு சுண்ணாம்பு, அதன் பிறகு குரோமியம். இவற்றின் கழிவு நீர் நெடுங்காலம் சென்று சேர்ந்த இடம் பாலாறு.

நந்தி மலையில் தோன்றி, மூன்று மாநிலங்களைக் கடந்து, வயலூருக்கு அருகே கடலில் கலக்கும் ஆறு அது. நம் ஏரிக்கு நீர் தருவது பாலாறு அன்று. செய்யாற்று நீர் அனுமந்தண்டலம் அணைக்கட்டு வழியாக நமக்கு வருகிறது. ஆயினும் நம் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கலக்கின்றன. காஞ்சிபுரத்து மக்கள் பருகுவது பாலாற்றுப் படுகையின் நீரைத்தான். ஆகவே “அது வேலூர்க்காரர்களின் பிரச்சினை” என்று நாம் ஒதுங்கிவிட இயலாது.

தோல் தொழில் நம் சமுதாயத்தின் தொழில். அதை மறைக்க வேண்டியதில்லை, அதற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை. அத்தொழிலின் வருவாயிலிருந்து பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழுந்தன. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கப்பட்டது என்றால், அதன் பின்னால் தோல் வணிகர்களின் கொடை இருந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், அவர்களில் கணவனை இழந்தோரும் பலர், காலணித் தொழிற்சாலைகளில் உழைத்துத் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். முன்பு ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின் குரோமியம் பெருகியது. வேலை விரைவாயிற்று, பணமும் பெருகியது. பட்டையின் கழிவைக் காட்டிலும் குரோமியத்தின் கழிவு கொடியது என்பதைக் கிணறுகள்தாம் முதலில் சொல்லின.

அதன் விலையைச் செலுத்தியவர்கள் விவசாயிகள். வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகக் கூறும் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் அதில் கண்டுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்நாட்டின் சட்டமாக நிலைபெற்றது அந்தத் தீர்ப்பில்தான். ஐந்து மாவட்டங்களின் தோல் கூடங்களுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஐந்தில் ஒன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், அதாவது, அன்று நாம் வாழ்ந்த மாவட்டம்! குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே ஒரு குரோம் தோல் கம்பெனியின் நினைவுதானே.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பின்னர் பெருகின. ஆனால் 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, அருகே உறங்கிய 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்! ஒரு தலைமுறை உவர்நீரைக் குடித்தே வளர்ந்துவிட்டது.

ஹலாலான தொழில், ஹலாலான வருவாய் என்கிறோம். பிராணி ஹலால், அறுப்பு ஹலால், வியாபாரம் ஹலால். அண்டை நிலத்துக்காரனின் கிணறு பாழானதே, அது எதில் சேரும்? நான் ஃபத்வா வழங்கும் தகுதியுடையவனல்லன். ஆனால் எவருக்கும் தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நம் ஃபிக்ஹுச் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்று. அந்த விவசாயி நம் மார்க்கத்தைச் சார்ந்தவரா இல்லையா என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை.

ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சி. மதீனாவில் பாறை நிலத்திலிருந்து வரும் வாய்க்கால் நீரைப் பற்றி ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு. ஸுபைரின் தோட்டம் மேற்பகுதியில், மற்றவருடையது கீழே. உம் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு நீரை உம் அண்டை வீட்டாருக்கு விட்டுவிடும் என்று நபியவர்கள் ஸுபைருக்குச் சொன்னார்கள். அன்ஸாரி அதை ஏற்காமல், அவர் உங்கள் அத்தை மகன் என்பதால்தானே என்று சொல்லிவிட்டார். அண்ணலாரின் திருமுகம் மாறிற்று. அதன் பின்னரே, வரப்பில் நீர் நிரம்பும் வரை நிறுத்திக்கொள்ளும் ஸுபைரின் முழு உரிமையை அவருக்கு வழங்கினார்கள். மேலே இருப்பவனுக்கு முதல் உரிமை உண்டு. ஆனால் நீரைத் தடுத்து வைக்கும் உரிமையே அவனுக்கு வரப்பு வரைதான் என்றால், அதைக் கெடுத்து அனுப்பும் உரிமை எங்கிருந்து வந்தது?

கப்பலின் உவமையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். கீழ்த்தளத்தில் இருப்போர், மேலே சென்று நீர் எடுப்பது சிரமம் எனக் கருதி, தம் பகுதியில் ஓட்டையிட முனைகிறார்கள். அவர்களைத் தடுக்காவிட்டால் இரு தளத்தாரும் மூழ்குவார்கள். பாலாற்றில் ஓட்டையிட்டவர்கள் மேல்தளத்துக்காரர்கள். அது ஒன்றே வேறுபாடு.

பெரியோர்களே! வாணியம்பாடியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நம் ஏரிக்கரையைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையன்று. தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், நிழலிலும் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல்கள் என எச்சரித்தார்கள். சென்ற பெருநாளன்று மாலை நான் ஏரிக்கரைப் பக்கம் போனேன். குடலும் இரத்தம் தோய்ந்த சாக்குகளும் கிடந்தன. நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. சில தோல்களும் கிடந்தன. விலை வீழ்ந்துவிட்டதால் மண்டிக்காரர் வேண்டாமென்று விட்டுச் சென்றவையாக இருக்கலாம். கரையில் ஆடு மேய்க்கும் ஒரு முதியவர், நம் சமயத்தவர் அல்லர், என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “உங்க பண்டிகையா பாய்?” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே எனக்குப் பதில் வரவில்லை.

நம் வட்டத்தை அடுத்த வேடந்தாங்கல் மக்களைப் பாருங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, அவ்வூர் விவசாயிகள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் தவிர்த்து வந்திருக்கிறார்கள். பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்துடைய வசனம் (6:38) நம் கையில் இருக்கிறது. அதன்படி நடப்பவர்கள் அவர்களாக இருக்கிறார்கள்.

ஆகவே ஜமாஅத்தாரிடம் சில வேண்டுகோள்கள். தமிழக அரசு 1.1.2019 முதல் தடை செய்த நெகிழிக் குவளையும் உறிஞ்சுகுழலும் நம் நிக்காஹ் விருந்துகளில் இனி வேண்டாம். எவர்சில்வர் டம்ளர்கள் பள்ளியில் இருக்கின்றன, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உளூச் செய்யும் நீர் சாக்கடைக்குப் போகாமல், பின்புறத் தென்னைகளுக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டலாம்; முத்தவல்லி அவர்கள் இசைந்துள்ளார்கள்.

வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, கிணறுகளுக்குத் தொலைவாக ஜமாஅத்தின் நிலத்தில் ஆழமான குழி வெட்டப்படும். குடலையும் இரத்தத்தையும் அங்கே கொண்டுவந்து, சுண்ணாம்பிட்டு மூட வேண்டும். தோல்களை வெறுந்தரையில் பரப்பாமல் தார்ப்பாயின் மேல் பரப்பி உப்பிடுவோம். ஏற்றும் முன் மிகுதியான உப்பைத் தட்டியெடுத்து மூட்டையில் கட்டுவோம். அது பாலாற்றில் கரையாத உப்பு. எடுத்துச் செல்லும் வியாபாரியிடம், இது எந்தக் கூடத்துக்குப் போகிறது, அங்கே கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறதா என்று கேட்போம். “மதரஸாவுக்கு நாலு காசு வந்தால் போதாதா, இதெல்லாம் எதற்கு?” என்று எவரேனும் சொன்னால், அவரை என்னிடம் அனுப்புங்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஏரிக் கால்வாயில் நம் தெரு முடியும் இடத்திலிருந்து மதகு வரை சுத்தம் செய்யப் போகிறோம். அக்கம்பக்கத்து இந்துச் சகோதரர்களையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளைச் செருப்பின்றி அனுப்பாதீர்கள். கண்ணாடித் துண்டுகள் கிடக்கின்றன. மண்வெட்டி உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். பள்ளியில் இருப்பது இரண்டே இரண்டு.