கூட்ஸ் வண்டிக்கும் நேரம் குறிப்போம்



சரக்கு வண்டிகளும் ஓடும் தடத்தில் புறநகர் ரயில் சேவையை எப்படிப் பெருக்குவது என்பதைப் பற்றி ஆராய இந்தக் கருத்தரங்கில் நாம் கூடியிருக்கிறோம். இதைப் பொதுப்படப் பேசுவதில் எனக்கு நாட்டமில்லை. நமக்கு அருகிலேயே, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்தில், சென்னை சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி தடம் இருக்கிறது. அதை முன்வைத்தே என் கருத்துகளைச் சொல்கிறேன்.

சென்னையில் மின்சார ரயில் 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அந்தத் தெற்குத் தடத்தில் புறநகர் வண்டிகளுக்கென்று தனிப் பாதைகள் உண்டு. கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் நம் வடக்குத் தடத்துக்கு 1979-இல்தான் மின்சாரம் வந்தது. வந்த நாள் முதல் அது பலரின் பொதுச்சொத்து. டெல்லிக்கும் ஹவுராவுக்கும் கூடூர் வழியாகப் போகும் விரைவு வண்டிகள் இதில்தான் போகின்றன. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி இதில் வருகிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் டேங்கர்கள், தண்டையார்பேட்டை யார்டுக்கு வந்துபோகும் சரக்கு ரேக்குகள் எல்லாம் இங்கேதான். அத்திப்பட்டு வரை நான்கு தடங்கள். அதற்கு வடக்கே இருப்பவை இரண்டே. அந்த இரண்டை நம்பித்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளியும், பொன்னேரியிலிருந்து நகரத்துக்கு வரும் கல்லூரி மாணவியும் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்.

"கூட்ஸ் வண்டியால்தான் எங்கள் யூனிட் தாமதமாகிறது" என்பது புறநகர் மின்சார வண்டியை யூனிட் என்றழைக்கும் பயணிகளின் குறை. அது நியாயமான குறை. ஆனால் அதன் காரணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நம் ரயில்வேயின் முன்னுரிமை வரிசையில் சரக்கு வண்டிக்குக் கடைசி இடம். பிறகு ஏன் கடைசியில் நிற்பவன் முன்னால் போகிறவர்களைத் தடுக்கிறான்? அவனை நிறுத்தி நிறுத்தி அனுப்புவதால்தான் என்பது என் துணிபு.

ஐம்பத்தெட்டு வேகன்கள் கொண்ட ஒரு நிலக்கரி ரேக் ஏறத்தாழ 700 மீட்டர் நீளம். பின்னால் வரும் வண்டிக்கு வழிவிட அதை நிலையத்தின் பக்கத்தடமான லூப் லைனில் ஒதுக்குகிறோம். அங்கே தடம் பிரியும் பாயின்ட்டைக் கடக்க அனுமதிக்கப்படும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் கடைசி வேகன் பிரதான தடத்தைவிட்டு விலகவே ஒன்றரை நிமிடம் ஆகும். வேகம் 15 என்றால் மூன்று நிமிடம். முன்னதாக வேகம் குறைத்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பப் புறப்படும்போது ஏறத்தாழ ஐயாயிரம் டன் எடை நின்ற இடத்திலிருந்து மெல்ல நகர்ந்து ஓட்டம் பிடிக்க வேண்டும். அந்த ரேக் எதிர்த்தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு யார்டுக்குள் நுழைவதாக இருந்தால் இரு திசை வண்டிகளும் நிற்கும். நிற்காமல் சீராக ஓடும் கூட்ஸ் எடுத்துக்கொள்ளும் தடநேரம் இதைவிட மிகக் குறைவு. அதைக் காக்கவைத்துப் பயணிகளுக்கு நன்மை செய்கிறோம் என்று எண்ணுகிறோம். அடுத்த அரைமணி நேரத்தில் அதே பயணிகள் அவுட்டர் சிக்னலில் நின்று அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

லூப் லைனில் நின்றிருந்த சரக்கு வண்டி மீது மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது இதே தடத்திலுள்ள கவரைப்பேட்டையில்தான், 2024 அக்டோபர் 11 இரவில். உயிரிழப்பு நேராதது நம் நற்பேறு. தடம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கூடுதல் காவல் தேவை என்பதை அந்த இரவுக்குப் பின் எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

சரக்கை இந்தத் தடத்திலிருந்து அகற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்கே அகற்றுவது? ஒரு ரேக் நிலக்கரியைச் சாலையில் ஏற்றினால் நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள் வேண்டும். கன்டெய்னர் லாரிகளின் வரிசையால் ஏற்கெனவே மூச்சுத் திணறும் எண்ணூர், திருவொற்றியூர், மணலி மக்கள்மீதுதான் அந்தச் சுமையும் விழும். மேலும், இந்திய ரயில்வேயின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சரக்குதான் ஈட்டித் தருகிறது. சீசன் டிக்கெட் மலிவாக இருப்பதற்கு அந்தக் கூட்ஸ் வண்டியும் ஒரு காரணம்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். அமெரிக்காவில் பெரும்பாலான தடங்கள் தனியார் சரக்கு நிறுவனங்களின் உடைமை. வாஷிங்டனுக்குத் தெற்கே பொட்டோமாக் ஆற்றின்மேல் உள்ள இரட்டைத் தடப் பாலம் 1904-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிஎஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு உரியது. அதைக் கடந்துதான் வர்ஜீனியாவின் புறநகர் வண்டிகள் தலைநகருக்குள் வர முடியும். கூடுதல் வண்டி விட வேண்டுமானால் அந்த நிறுவனத்தோடு பேசியாக வேண்டும். வர்ஜீனியா அரசு பேசியது. தடங்களை வாங்குவது, பக்கத்தில் பயணிகளுக்கென்று புதுப்பாலம் கட்டுவது என 370 கோடி டாலர் திட்டத்தை 2019 டிசம்பரில் அறிவித்தது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. இங்கே தடமும் ஒரே ரயில்வேயுடையது, யூனிட்டும் அதனுடையது, கூட்ஸும் அதனுடையது. மூன்றையும் ஒரே கட்டுப்பாட்டு அறை இயக்குகிறது. அமெரிக்கர்கள் கோடிகளைக் கொட்டிப் பெற முயலும் ஒருமை நம்மிடம் முன்பே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருக்கிறோம் என்பதே என் வருத்தம்.

சுவிட்சர்லாந்து 1982-இல் நாடு முழுவதும் சீர் இடைவெளி கால அட்டவணையைக் கொண்டுவந்தது. இன்று அங்கே சரக்கு வண்டிக்கான நேர இடங்களும் அந்த அட்டவணைக்குள்ளேயே ஒதுக்கப்படுகின்றன. நம் கூட்ஸ் வண்டியோ பெரும்பாலும் சரக்கு ஏறி முடிந்ததும், டிரைவரும் எஞ்சினும் கிடைத்ததும் கிளம்புகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நாள்தோறும் தேவைப்படும் நிலக்கரி திடீரென்று வரும் விருந்தாளியா? அதற்கு நேரம் குறிக்க முடியாதா? துறைமுகமும் மின்வாரியமும் ரயில்வேயும் ஒரு மேசையில் அமர்ந்தால் முடியும்.

மூன்றாம், நான்காம் தடம் கும்மிடிப்பூண்டி வரை வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. விரைந்து வர வேண்டும். சென்ட்ரல் – கூடூர் தடத்தில் விரைவு வண்டிகளுக்கு 130 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட பிறகு, நிலையத்துக்கு நிலையம் நின்று போகும் யூனிட்டுக்கும் அவற்றுக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் கூடிவிட்டது. ஆயினும் புதுத்தடம் போட்டாலும், குறுக்கே வெட்டும் சந்திப்புகளில் மேம்பாலத் தடம் கட்டாவிட்டால், சரக்குக்கு நேரம் குறிக்காவிட்டால், நெரிசல் அடுத்த நிலையத்துக்கு இடம்பெயரும், அவ்வளவே.

இரண்டு நாள் அமர்வுகளில் கட்டுரை வாசிக்கப்போகும் இளம் ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓடுகிறது என்ற கணக்கோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சந்திப்பில், எந்த நேரத்தில், எந்த வகை வண்டிக்காக எத்தனை நிமிடம் தடம் அடைபட்டது என்று அளந்து சொல்லுங்கள். கட்டுப்பாட்டு அறை நண்பர்கள் அதற்கான பதிவுகளைத் தந்து உதவ வேண்டும். பயணிகள் சங்கத்தார் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். நிறைவு அமர்வில், வடக்குத் தடத்துக்கான மாதிரி கால அட்டவணை ஒன்றைக் கூட்ஸ் வண்டிகளின் நேரத்தோடு சேர்த்து நாம் வரைந்து தென்னக ரயில்வேயிடம் அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.