வகுப்பிற்கு வாயில் அமைத்தல்
(வெள்ளி விழாவில் கணினி பயிலும் மாணவர்களுக்கு ஆற்றிய உரை)



பொருள்நோக்கு நிரலாக்கத்தில் 'வகுப்பு' என்பது தரவுகளையும் அவற்றின்மீது இயங்கும் செயல்முறைகளையும் ஒன்றாகக் கட்டிவைத்த அமைப்பாகும். நார்வே நாட்டறிஞர்களான ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நைகார்டு ஆகியோர் 1960-களில் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் இக்கருத்து உருப்பெற்றது. இன்று நம் மாணவர்கள் ஜாவாவிலும் பைத்தானிலும் வகுப்புகளை எழுதிப் பழகுகின்றனர். ஆயினும் எழுதப்பட்ட வகுப்பு தானே இயங்குவதில்லை. அதனை அழைப்பார் வேண்டும். அழைக்கத் தெரிந்தவர் எழுதியவர் ஒருவரே எனின், அவர் ஊரில் இல்லாத நாளில் அலுவல் நின்றுவிடும்.

கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வகுப்பொன்று இருப்பதாகக் கொள்வோம். கடைசி நாளன்று எழுத்தர் கட்டளை வரியில் 'உதவித்தொகை சரிபார் 1205' என்று தட்டச்சுச் செய்தால் விடை வரவேண்டும். அதற்கு வேண்டுவது ஒரு வாயில். ஜாவாவில் 'மெயின்' எனும் செயல்முறையே அவ்வாயில். பைத்தானிலோ, கோப்பு நேரே இயக்கப்படும்போது மட்டும் நிறைவேறும் பகுதியொன்றை இறுதியில் எழுதுகின்றோம். வேறொரு நிரல் அக்கோப்பை எடுத்தாளும்போது அப்பகுதி இயங்காது.

வாயிலின் கடமைகள் நான்கு. தட்டப்பட்டவை யாவும் எழுத்துச் சரங்களாகவே வரும். அவற்றை எண்ணாகவோ தேதியாகவோ மாற்றிச் சரிபார்ப்பது முதலாவது. பொருளை உருவாக்கி உரிய செயல்முறையை அழைப்பது இரண்டாவது. விடையை ஒரு வெளியீட்டிலும் பிழையை மற்றொன்றிலும் தனித்தனியே எழுதுவது மூன்றாவது. வேலை முடிந்தால் 0, தவறினால் வேறோர் எண் என முடிவு நிலையைத் தெரிவிப்பது நான்காவது. இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. இரவில் தானே இயங்கும் மற்றொரு நிரல் அவ்வெண்ணைக் கண்டே அடுத்த வேலையைத் தொடங்கக்கூடும். பிழை நேர்ந்தும் 0 என்று தெரிவித்தால், விடுபட்ட மாணவியின் பெயரை எவரும் தேடார்.

இப்பணிக்குக் கருவிகளும் உள்ளன. 2010-இல் வெளிவந்த பைத்தான் 2.7 பதிப்பில் 'ஆர்க்பார்ஸ்' அம்மொழியின் நூலகத்திலேயே சேர்க்கப்பட்டது. கூகுள் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'பைத்தான் ஃபயர்', வகுப்பைக் கொடுத்த மாத்திரத்தில் அதன் செயல்முறைப் பெயர்களைக் கட்டளைகளாக்கிவிடும். வசதி பெரிதே, எச்சரிக்கையும் வேண்டும். எண்ணைப்போல் தோன்றுவதை அஃது எண்ணாகவே கொள்ளும். செயல்முறையின் பெயரை நாம் மாற்றினால் கட்டளையும் மாறிவிடும். நேற்றுப் பழகிய எழுத்தர் இன்று திகைப்பார்.

ஆகவே, திரையில் எழுதுவதையும் பயனரிடம் கேட்பதையும் வாயிலிலேயே வையுங்கள். வகுப்பு கணக்கை மட்டும் பார்க்கட்டும். அப்போது அதனைத் தனியே சோதிக்கலாம். நாளை வேறொரு வாயிலும் அமைக்கலாம். உதவிக்குறிப்பையும் பிழைச் செய்தியையும் எழுத்தருக்கு விளங்கும் தமிழில் எழுதுங்கள். 'பிழை' என்று மட்டும் சொல்லாது, 'பிறந்த தேதி விடுபட்டுள்ளது' என்று சொல்லுங்கள். கற்றது ஒருவரிடமே தங்கிவிடலாகாது என்பதற்காகவே இக்கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்கின்றது. நீங்கள் எழுதும் நிரலுக்கும் அதுவே விதியாகட்டும் என வேண்டி அமைகின்றேன்.