சிரிக்கத் தெரிந்த சேனாபதி
(விழா மாலைக் கூட்டத்தில் பழைய சாரணர் சார்பில் ஆற்றிய உரை)



ஒரு காலத்தில் இந்தப் பங்கில் காக்கிச் சட்டையும் கழுத்துத் துண்டுமாகத் திரிந்த பழைய சாரணர்கள் நாங்கள். "எந்நேரமும் விளையாட்டுதானா?" என்று வீட்டில் வசை வாங்காதவர் எங்களில் ஒருவரும் இலர். அந்த விளையாட்டையே கல்வியாக்கிய ஒரு போர்வீரரை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் பேடன் பவல் பிரபு.

1857 பிப்ரவரி 22-இல் இலண்டனில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். பள்ளியை அடுத்த காட்டில் ஆசிரியர் கண்ணில் படாமல் ஒளிந்து, முயல் பிடித்து, புகை தெரியாமல் சமைத்துத் தின்ற குறும்புக்காரர். நாடகம் என்றால் அவருக்கு உயிர். 1876-இல் குதிரைப் படை அதிகாரியாக இந்தியா வந்தபோதும் நடிப்பையும் சித்திரத்தையும் விடவில்லை.

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் மேபெக்கிங் நகரைப் போயர் படை வளைத்தது. முற்றுகை 217 நாள் நீடித்தது. இவரிடமோ வீரர் குறைவு. என்ன செய்தார் தெரியுமா? மணல் நிரப்பிய பெட்டிகளைக் கண்ணிவெடி என்று சொல்லி ஊரைச் சுற்றிப் புதைக்கச் செய்தார். இல்லாத முள்வேலியைத் தாண்டுவதுபோல் வீரர்களைக் காலைத் தூக்கித் தூக்கி நடக்கச் சொன்னார். பீரங்கி ஓய்ந்த ஞாயிறுகளில் கிரிக்கெட்டும் கூத்தும் நடந்தன. அவரே மேடையேறிச் சிரிக்க வைத்தார். அங்கே சிறுவர்கள் அஞ்சாமல் செய்தி சுமந்து ஓடினார்கள். பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் உயர்வார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார்.

புகழை மட்டும் பேசினால் அது உண்மையாகாது. அதே முற்றுகையில் கறுப்பின மக்கள் பலர் பட்டினியால் மடிந்தனர். உணவுப் பங்கீட்டில் அவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் குறை கூறுகின்றனர். அதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை.

ஆயினும், போர்க்களத்தில் கற்றதை அவர் சமாதானத்திற்குத் திருப்பினார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கூட்டினார். சீமான் வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒன்றாகத் தங்கினர். காலையில் ஆப்பிரிக்க மான் கொம்பை ஊதி எழுப்புவார். பகலில் தடம் பார்த்தலும் முடிச்சுப் போடுதலும், இரவில் நெருப்பைச் சுற்றிக் கதையும் பாட்டும். 1910-இல் படையை விட்டு விலகி, சாரணர் பணிக்கே தம்மைக் கொடுத்தார். 1920-இல் இலண்டனில் கூடிய பல நாட்டுப் பிள்ளைகள் அவரை உலகத் தலைமைச் சாரணராக வாழ்த்தினர்.

1941 ஜனவரி 8-ஆம் நாள், தமது 83-ஆம் வயதில், கென்யாவின் நையேரியில் கண்மூடினார். அவர் கல்லறையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. காட்டில் வழிகாட்டிச் செல்லும் சாரணன் கடைசியாக இடும் குறி அது. "நான் வீடு திரும்பிவிட்டேன்" என்பது அதன் பொருள்.

பெற்றோரே, நாளை உங்கள் பிள்ளை சேறு படிந்த காலோடு வீடு வந்தால் உடனே சினவாதீர்கள். இன்று என்ன கற்றாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.