வினிகர், பஞ்சு, ஒரு நிமிடம்

பெண்களுக்கான புற்றுநோய்ச் சோதனை யாரைச் சென்றடைகிறது, யாரைத் தாண்டிப் போகிறது என்று பேசக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கு, திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

2000-ஆம் ஆண்டு. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து, மாவட்டத்தின் 114 தொகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறித்த பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம், நீர்த்தது, அதில் நனைத்த பஞ்சு, நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற நர்ஸ். பஞ்சால் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் கோளாறான இடம் வெள்ளை பூத்துத் தெரியும். லேப் ரிப்போர்ட்டுக்கு அடுத்த வாரம் வா என்று சொல்ல வேண்டியதே இல்லை.

முடிவுகள் 2007-இல் லான்செட் இதழில் வந்தன. சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. உலகமே எடுத்துக்காட்டும் சான்று அது. ஆனால் அதற்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். ஆய்வுக்கென்றே ஆள் போட்டுக் கூப்பிட்டும் ஏறக்குறைய 18,000 பேர் வரவில்லை. புற்றுநோய்க்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம்தான்.

ஆய்வு முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு எடுக்கப்பட்டது. 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒரு முறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9. குஜராத்திலும் மேற்கு வங்கத்திலும் 0.2. மார்பகச் சோதனை இன்னும் மோசம்: நாடு முழுவதும் 0.9. உலகச் சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கும் கர்ப்பப்பை வாய்ச் சோதனை இலக்கோ 70.

கர்ப்பப்பை வாய்ச் சோதனையின் இந்திய அளவை நகரம், கிராமம் என்று பிரித்தால் 2.2, 1.7. இடைவெளி குறைவுதானே என்று யாரும் மகிழ வேண்டாம். இரண்டும் தரையோடு தரையாகக் கிடப்பதால்தான் சமமாகத் தெரிகின்றன.

ஏன் வருவதில்லை என்று கேட்டால், பெண்கள் பயப்படுகிறார்கள், வெட்கப்படுகிறார்கள் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. மறுபாதி இது: நமது சுகாதார ஏற்பாடு பெண்ணைத் தாயாக மட்டுமே அறியும். மாசமாக இருக்கும்வரை நர்சம்மா வீடு தேடி வருவார். ஊசி, சத்து மாத்திரை, பிரசவத் தேதி எல்லாம் பதிவாகும். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்துவிட்டால் அந்தப் பெண் பதிவேட்டிலிருந்து மெல்ல நழுவிவிடுவார். சோதனை செய்ய வேண்டிய வயது தொடங்குவதோ முப்பதில்! கணவனை இழந்தவருக்கும் மணமாகாதவருக்கும் நிலைமை இன்னும் சிக்கல். அந்தச் சோதனைக்குப் போனாலே ஊர் பேசும். கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் முகாம் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு மூன்று நாள், கூடத் துணைக்கு ஒருவர்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு, இந்த நோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸைத் தேடும் ஒரே ஒரு சோதனையே அதனால் நேரும் மரணத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்று 2009-இல் காட்டியது. இன்று அந்தச் சோதனைக்கான மாதிரியைப் பெண்ணே தன் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்துக்கு இது பதில். பஸ் செலவுக்கும் போன கூலிக்கும் அல்ல.

மாவட்ட வாரியான கட்டுரைகள் பிற்பகலில் வாசிக்கப்படவிருக்கின்றன. வாசிப்பவர்கள், எத்தனை பேருக்குச் சோதனை நடந்தது என்பதோடு நிறுத்திவிடாமல், பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை பஸ் மாறிப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது தலைமையின் வேண்டுகோள். அந்தப் பத்தி இல்லாத கட்டுரையிடம் முதல் கேள்வி மேடையிலிருந்தே வரும்.