பழம் புத்தகம் யாருக்கு ஆயுதம்?



இங்கிலாந்து தேசத்துச் சர்வகலாசாலைகள் சிலவற்றில் எம்.ஏ. பட்டத்திற்கென்று உள்ள ஒரு படிப்பைப் பற்றி இன்று சிறிது சொல்ல ஆசைப்படுகின்றோம். நாம் காலேஜ் வாசற்படி மிதித்ததில்லை. கேட்டும், கிடைத்ததைப் படித்தும் அறிந்ததைத்தான் சொல்லுகின்றோம்.

கிரேக்க, ரோமானியப் பழம் நூல்களில் என்ன எழுதியிருக்கின்றது என்று பார்ப்பது பழைய படிப்பு. அந்நூல்களைப் பின்னால் வந்தவர்கள் கையிலெடுத்து, யாருக்கு அனுகூலமாகவும் யாருக்கு விரோதமாகவும் உபயோகித்தார்கள் என்று விசாரிப்பதே இந்தப் படிப்பு. முடிவில் மாணாக்கர் தாமே ஒரு விஷயத்தை ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்க அறிஞர், சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று எழுதி வைத்தார். அவர் இறந்தது கி.மு. 322-இல். அதற்கு 1,800 வருஷங்களுக்கும் மேல் கழித்து, 1550-இல், ஸ்பெயின் தேசத்து வல்லடோலிட் நகரில் செபுல்வேதா என்னும் பண்டிதர் அந்நூலை ஆதாரமாகக் காட்டி, அமெரிக்கப் பழங்குடிகள் அப்படிப்பட்ட பிறவி அடிமைகளே என்று வாதாடினார். லாஸ் கஸாஸ் என்னும் பாதிரியார் அதை மறுத்தார். அமெரிக்கா என்று ஒரு தேசம் இருப்பதே அரிஸ்டாட்டிலுக்குத் தெரியாது! 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அடிமை முறைக்குப் பரிந்து பேசியவர்களும் அதே நூலைத்தான் காட்டினார்கள்.

கிரேக்க இலக்கணம் அறிந்த ஒரு கறுப்பனைக் காட்டினால் அவனையும் மனிதனென்று ஒப்புக்கொள்வேன் என்று கால்ஹூன் என்னும் அமெரிக்க அரசியல்வாதி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றமென்று ஜார்ஜியா மாகாணத்தில் சட்டமிருந்த காலம் அது. படிக்கவும் விடமாட்டார்களாம், படிக்கவில்லையென்றால் மனிதனுமில்லையாம்! என்ன நியாயம் பாருங்கள்.

அதே ஜார்ஜியாவில் 1852-இல் அடிமையாய்ப் பிறந்தவர் வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ. ஒளிந்து ஒளிந்து எழுத்துக் கற்றார். 1875-இல் ஓபர்லின் கலாசாலையில் பட்டம் பெற்றார். 1881-இல் மாணாக்கர்களுக்குக் கிரேக்கப் பாடப் புத்தகமே எழுதி வெளியிட்டார். நமக்கு இது பெருமகிழ்ச்சியே. ஆனாலும் ஒன்று கேட்கின்றோம். கிரேக்கம் தெரிந்தபடியால்தான் அவர் மனிதரா? தெரியாத லட்சக்கணக்கான பேர் மனிதரல்லரா? பரீட்சை வைக்க இவர்கள் யார்?

இன்னொன்று பாருங்கள். அரசன் உத்தரவை மீறி அண்ணன் பிணத்தைப் புதைத்த ஒரு பெண்ணின் கதை ஆன்டிகனி. சோபக்கிளீஸ் எழுதிய அக்கிரேக்க நாடகத்தைத் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் அரசியல் கைதிகள் நடித்தார்கள். கொடிய அரசன் வேஷம் போட்டவர் நெல்சன் மண்டேலா. அடிமைத்தனத்துக்குச் சாட்சி சொன்ன அதே கிரேக்கத்திலிருந்து கைதிகள் தங்களுக்கு ஒரு சாட்சியைத் தேடிக்கொண்டார்கள்.

ஆகவே தோழர்களே, பழையது என்பதற்காக எதையும் கும்பிடவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். எழுதியவன் யார் நன்மைக்கு எழுதினான், இன்று எடுத்துக் காட்டுகிறவன் யார் நன்மைக்குக் காட்டுகிறான் என்று இரண்டையும் கேளுங்கள். அந்த எம்.ஏ. படிப்பின் சாரம் இவ்வளவுதான். இதைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. நாம் சொன்னதையும் அப்படியே விசாரித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.