சபையில் நமக்குரிய இடம்

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

அன்புள்ள திருச்சபையில் உறுப்பினராய் இருத்தல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். கல்விக் கழக விழாவில் திருச்சபைக்கு என்ன வேலை என்று சிலர் வினவியதாக அறிந்தோம். வினா நியாயமானதே. நம் விடுதியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டுப் பிள்ளையும், ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்லும் கிறித்தவ வீட்டுப் பிள்ளையும் அடுத்தடுத்துப் பாய் விரித்துப் படுக்கின்றனர். இருவரும் ஒரே தெருவினர். சில வேளைகளில் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள். ஆயினும் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவ்விருவரும் வெவ்வேறு பட்டியலில் நிற்க நேர்கிறது. ஆதலின் இப்பொருள் நம் கழகத்துக்கும் உரியதே.

நாங்கள் சிறுவராய் இருந்த காலத்தில் எங்கள் தெருவில் கீற்று வேய்ந்த ஜெபவீடு ஒன்று இருந்தது. மணி கிடையாது, தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அடிப்பார்கள். உலையில் அரிசி போடும்போதெல்லாம் தாய்மார்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் தனியே வைப்பார்கள். அந்தப் பிடியரிசி ஞாயிறன்று ஜெபவீட்டில் சேரும். உபதேசியார் குடும்பத்துக்கு ஒரு பங்கு போக, எஞ்சியது அந்த வாரத்தில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்குப் போகும். யாருக்குப் போயிற்று என்று எவரும் அறிவித்ததில்லை. காய்ச்சல் கண்டவர் வீட்டுத் திண்ணையில் உபதேசியார் நிற்கமாட்டார். குனிந்து உள்ளே சென்று பாயின் ஓரத்தில் அமர்வார். சபை என்றால் என்னவென்று நாங்கள் முதன்முதல் அறிந்தது அப்பாயின் ஓரத்திலேதான்.

திருநாளுக்கு நகரத்துப் பெரிய கோவில் ஒன்றிற்குச் செல்வோம். அங்கே எங்களை யாரும் துரத்தியதில்லை. வாசலில் நின்றவர் புன்னகையோடு கைகூப்பி வரவேற்றார். உள்ளே சென்றதும் எங்கள் பெரியவர்கள் கேளாமலே இடப்புறத்துக் கடைசி வரிசைகளுக்குப் போய் அமர்ந்தனர். அது எழுதப்பட்ட விதியன்று. கால்கள் அறிந்து வைத்திருந்த விதி. திருவிருந்தின்போது மற்றவர்கள் எழுந்து சென்று திரும்பும்வரை நாங்கள் காத்திருப்போம். வாசலில் கிடைத்த வரவேற்புக்கும் பாயின் ஓரத்தில் கிடைத்த வருகைக்கும் உள்ள வேற்றுமையைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

நாம் கூடியிருக்கும் இத்திருவரங்கத்துக்கே ஒரு பழங்கதை உண்டு. உறையூரிலே பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார், காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார் என்பர். நீர் முகக்க வந்த உலோகசாரங்க முனிவர் அவரை விலகச் சொல்லிக் கல்லெறிந்தார். பின்னர் அரங்கன் ஆணைப்படி அவரையே தோளில் சுமந்து கோவிலுக்குள் கொண்டுசென்றார் என்று குருபரம்பரை கூறுகிறது. முனிவாகனர் என்னும் பெயர் அவருக்கு வந்தது அதனால்தான். அழகிய கதை, நாமும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் தோளேறிச் சென்றவர் ஒருவரே. அவருடைய தெருவார் கோவிலுக்குள் நடந்து செல்வதைச் சட்டம் உறுதி செய்ய 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒருவரைத் தோளில் தூக்குவது எளிது, ஒரு தெருவையே பக்கத்தில் அமரவைப்பது அரிது என்பதைக் காவிரியின் இக்கரையும் அறியும், அக்கரையும் அறியும்.

அக்கரைக்கு வருவோம். மதுரை மிஷன் என்று வழங்கிய இயேசு சபையார் பணியில், உயர்குலத்தாரிடையே துறவிக் கோலம் பூண்ட குருமார் ஒருபுறம் இருக்க, நம்மவரிடையே பணியாற்றப் பண்டார சுவாமிகள் என்னும் வேறொரு பிரிவு 1640ஆம் ஆண்டில் பல்தசார் தா கோஸ்தாவோடு தொடங்கியது. ஒரே திருமறைக்கு இரண்டு வகைக் குருமார்! நோயுற்ற பறையரின் குடிசைக்குள் குரு நுழையலாமா என்பது பெரிய வழக்காயிற்று. 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணை, நோயுற்ற பறையரின் வீட்டுக்குள் சென்று திருவருட்சாதனங்களை வழங்கக் குருமார் மறுத்தலாகாது என்றது. அதன்மேல் முறையீடு, மறுமுறையீடு என்று 40 ஆண்டுகள் கழிந்தன. 1744ஆம் ஆண்டு போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் அளித்த தீர்ப்பிலும், நம்மவருக்கென்று தனிக் குருமாரை ஒதுக்கும் ஏற்பாடே இடம்பெற்றது. குடிசைக்குள் ஒரு மனிதர் குனிந்து நுழைவதற்கு ரோமாபுரி வரை வழக்காட வேண்டியிருந்ததை நினைக்குந்தோறும், கடிதம் எதுவும் பாராமல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த அந்த உபதேசியாரை நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

சீர்திருத்தச் சபையார் வரலாறும் இதனினும் பெரிதும் வேறுபட்டதன்று. தெப்பக்குளத்தின் அருகே நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயரால் எழுந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்த நன்மனத்தர் அவர். எனினும் அவர் வளர்த்த தஞ்சைச் சபையில் ஒரே கூரையின்கீழ் சாதிக்கொரு பக்கமாக அமரும் வழக்கம் நீடித்தது. பின்வந்த பேராயர் ஹீபர் சாதி வழக்கம்பற்றி விசாரிக்க ஏற்பாடு செய்தார். முடிவு காணுமுன் 1826ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இத்திருச்சிராப்பள்ளியிலே நீராடும்போது உயிர்நீத்தார். தூய யோவான் ஆலயத்தில் அவர் கல்லறை உள்ளது. அவர் பெயர் தாங்கிய கல்லூரியில் நம் பிள்ளைகள் பலர் பயின்றுள்ளனர்.

பேராயர் டானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டு எழுதிய சுற்றுமடல் தயங்கவில்லை: சபைக்குள் சாதியை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்றது. 1835ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தஞ்சைக்கும் திருச்சிக்கும் நேரில் வந்தார். தஞ்சையில் பலர் சபையைவிட்டு விலகினர். சில ஆண்டுகளுக்குப்பின் அவர்களுள் ஒரு சாரார் சாதி வழக்கைப் பொறுத்துக்கொண்ட லீப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதியவர். அதற்காக அவர் பாடல்களை நாம் கைவிடவில்லை. ஆனால் இச்செய்தியை மறைத்தும் வைக்கலாகாது. வில்சன் ஐயரிடத்தும் எங்களுக்கு ஒரு குறையுண்டு. மடலை எழுதியவர் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார். யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதை மறுஞாயிறு இங்கிருந்தவர்களே தீர்க்க வேண்டியிருந்தது. நெஞ்சில் இறங்காத ஆணை பலகையோடு நின்றுவிடும்.

இறந்தபின்னாவது ஒன்றாவோம் என்றால் அதுவும் கூடவில்லை. இதே நகரில் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், நம்மவர் புதையுண்ட பகுதியையும் பிறர் புதையுண்ட பகுதியையும் பிரித்து ஒரு சுவர் நிற்பதும், அதை அகற்றக் கோரி 2010ஆம் ஆண்டளவில் கிளர்ச்சி எழுந்ததும் நாளேடுகளில் வந்த செய்திகள். உயிரோடிருப்பவருக்குத்தான் தீட்டு என்று எண்ணியிருந்தோம். எலும்புக்கும் உண்டு போலும்!

இந்தச் சுவருக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் தொடர்பு உண்டு என்றால் மாணவர்கள் வியக்கலாம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கின்றனர். தமிழக அரசு உதவித்தொகை முதலிய சில சலுகைகளை மதம் மாறிய ஆதிதிராவிடர்க்கும் வழங்குகிறது. இடஒதுக்கீட்டிலோ அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கின்றனர். சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்பவர், இந்துவாகிய தொழிலாளிக்குக் கிடைத்த கடைப்பெட்டி தமக்குக் கிடைக்காமை கண்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவருக்கு எதிராயிற்று. மதம் மாறியபின்னும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது காரணம்.

தோழர்களே, இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உரிமை பெறவேண்டுமாயின் நம் சபை நம்மை ஒதுக்குகிறது என்று நாமே சாட்சி சொல்லவேண்டும். சபை நம்மை அன்போடு ஏற்றது என்று சாட்சி சொன்னால் உரிமை போகும். கல்லறைச் சுவர் நமக்கு அவமானம்; வழக்குமன்றத்தில் அதுவே நமக்கு ஆவணம். இந்த இக்கட்டில் அகப்பட்ட குடும்பங்கள் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறொரு பெயருமாகப் பிள்ளைகளை வளர்க்கின்றன. ஞாயிறன்று எஸ்தர், திங்களன்று செல்வி. அவர்களை ஏமாற்றுக்காரர் என்று ஏசுவோர் உளர். தான் நேசிக்கும் கோவிலின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளையின் நெஞ்சை அவர்கள் அறியார். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இவ்வாணையைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. வரவேற்கிறோம். ஆயினும் தீர்மானம் வருமுன் விண்ணப்பத்தின் கடைசி நாள் வந்துவிடுகிறதே!

நம்பிக்கை தருவனவும் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர், பறையையும் நாட்டார் மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் வெந்த சோற்றை எல்லாரும் பகிர்ந்துண்ணும் குடும்பமாகச் சபையைக் கண்டார். 2005ஆம் ஆண்டு அவர் மறைந்தார். வாசலில் மாலையிட்டு வரவேற்பதை அவர் பெரிதாய்க் கொள்ளவில்லை. யார் சமைத்ததை யார் உண்கிறார் என்று பார்த்தார். எங்கள் தாய்மாரின் பிடியரிசிக் கலயமும் அதே கேள்வியைத்தான் கேட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். மே, சூன் மாதங்களில் நம் கழக அலுவலகத்தில் சாதிச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் படிவம் நிரப்பும் வேலை நடைபெறும். இரட்டைப் பெயரோடு வரும் பிள்ளைகள் அஞ்சி அஞ்சி நிற்பார்கள். அந்நாள்களில் தாங்கள் ஒருவர்பின் ஒருவராக முறைவைத்து வந்து அவர்கள் பக்கத்தில் அமருங்கள். எந்தச் சட்டப்படி எதைப் பெறலாம், எதைப் பெற இயலாது என்று எங்கள் தோழர்கள் சொல்வார்கள். பெறமுடியாமற்போகும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் சபை ஏற்குமா என்று மட்டும் தாங்கள் சொல்லுங்கள். விசுப்பலகை ஒன்றுதான் இருக்கிறது, மூவர் அமரலாம். மின்விசிறி சென்ற கோடையிலிருந்து பழுதுபட்டுக் கிடக்கிறது. அதற்குள் சரிசெய்துவிடுவதாகச் செயலாளர் வாக்களித்திருக்கிறார்.